சிவப்புக்கு நடுவே ஒரு பழுப்பு

ரெக்ஸம்
12 பிப்ரவரி 1978

அன்புள்ள அக்கா நெஸ்டாவுக்கு,

இங்கே நானும் ஷீலாவும் சுகம். இந்தக் குளிரில் என் இடுப்பு கூட சத்தம் போடாமல் இருக்கிறது. அத்தான் ரானின் நெஞ்சுச் சளி இறங்கிவிட்டதா? உங்கள் ஊரில் இப்போது கோடை என்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இன்று காலை ரொட்டி வண்டியைக் கிளப்ப வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் பேக்கரிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. ரில் நகரத்துக்கு அந்தப் பக்கம், அப்பா நம்மை ஒரு தடவை கூட்டிப்போனாரே, அந்தக் கடற்கரை விடுமுறை முகாமிலிருந்து. மே மாதம் அங்கே தொழில்முறை ஸ்நூக்கர் போட்டி வைக்கிறார்களாம். அழைப்பு இல்லாமல் யாரும் ஆட முடியாது.

"எட்டுப் பேரைக் கூப்பிடுறோம், மிஸ்டர் ப்ராஸர். ஏழு பேரு டிவியில வந்தவங்க. எட்டாவது நீங்க" என்றார் மேலாளர்.

"நான் எதுக்குங்க எட்டாவது?"

"இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தர் இருந்தா ஜனங்க கை தட்டுவாங்க."

பொய் சொல்லாத மனிதர். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் தங்க வீடு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஷீலா பள்ளிக்கூடச் சமையலறையில் லீவு கேட்டுவிட்டாள்.

அந்த முகாம் நினைவிருக்கிறதா? அப்பா கோயிலுக்குப் போடும் கறுப்பு ஷூவோடு கடலில் இறங்கினாரே! "கழட்டினா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்" என்றார். அம்மா அன்று சிரித்த மாதிரி பிறகு சிரித்ததே இல்லை. நான் ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டுக் குட்டி ரயிலில் வாந்தி எடுத்தேன், நீ உன் தொப்பியை என் வாய்க்கு நேரே ஏந்தினாய்.

நாற்பத்து நான்கு வயதில் அங்கே ஆடப்போகிறேன். அப்பா இருந்திருக்கலாம்.

ரானைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
எல்வின்


டுனெடின், நியூஸிலாந்து
3 மார்ச் 1978

அன்புத் தம்பி எல்வினுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் தோட்டத்தில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். ரான் வாசலில் வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பயந்து கேட்டார். "என் தம்பி சாம்பியன்களோட ஆடப்போறான், அதான் ஆச்சு" என்றேன். அவருக்குச் சளி தேவலை. எனக்கு முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது.

தொப்பியை மறந்திருந்தேன். எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் சுரங்கத் தொழிலாளர் மன்றத்து ஸ்நூக்கர் மேசைதான். திங்கட்கிழமை காலையில் யாரும் வரமாட்டார்கள். அப்பா தரை கூட்டி முடிக்கும் வரை மேசை நமக்கு. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பலகையைத் துடைக்கிற வேலையே எனக்குத்தான் என்பதால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். புகையிலை வாசனையும் ஈரத் துணி வாசனையும் சேர்ந்து வரும். நீ மேசை உயரம் கூட இருக்கமாட்டாய். மரப்பெட்டியில் ஏறி நின்று ஆடுவாய், நான் பெட்டியைத் தள்ளித் தள்ளிப் போடுவேன்.

பழைய வீட்டுக்குப் பக்கத்து மிஸஸ் பாரி ஒரு செய்தித்தாள் துண்டு அனுப்பியிருக்கிறார். நவம்பரில் ஸ்டாக்போர்ட்டில் நீ ஆடிய ஆட்டம். சிவப்புப் பந்தை அடிக்க வேண்டிய இடத்தில் பழுப்பை அடித்துத் தப்பாட்டம் ஆகித் தோற்றாயாமே. "ப்ராஸருக்கு என்ன ஞாபகமறதியோ" என்று எழுதியிருக்கிறார்கள்.

கண் எப்படி இருக்கிறது, எல்வின்? நான் கப்பல் ஏறிய வருடம் லிவர்பூல் டாக்டர் குணப்படுத்தினார் என்றாயே, அது இன்னும் அப்படியே இருக்கிறதா?

ஷீலாவுக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
நெஸ்டா


ரெக்ஸம்
28 மார்ச் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு ஷீலா ஒரு தைலம் சொல்கிறாள். பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறாள், அங்கே கிடைக்குமோ என்னவோ. நாங்கள் இருவரும் திடமாக இருக்கிறோம்.

யார் யாரோடு ஆடுவது என்று சீட்டுப் போட்டுவிட்டார்கள். முதலில் எனக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஆர்ச்சி பெல். வயது அறுபதுக்கு மேல். சாவகாசமாக யோசித்து ஆடுவார். அவர் ஒரு பந்தை அடிப்பதற்குள் நாம் போய் டீ குடித்துவிட்டு வரலாம். அவரை ஜெயித்தால் பெரும்பாலும் டெரெக் ஹாலம். ஷெஃபீல்ட் பையன். தோள் வரை முடி. டிவியில் அவன் வந்தாலே பேக்கரிப் பெண்கள் வேலையை விட்டுவிடுவார்கள்.

ஷீலா எனக்கு ஒரு புது வெயிஸ்ட்கோட் தைக்கிறாள். "டிவிக்காரங்க வந்தாலும் வருவாங்க, மானம் போகக்கூடாது" என்கிறாள். நான் அசையாமல் நின்று நின்று என் கால்தான் போகிறது. சனி ஞாயிறு முழுக்கப் பயிற்சி. இங்கே மழை விடவில்லை. கால்வாய் ஓரம் டாஃபடில் பூத்துவிட்டது. மன்றத்துக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், தெரியுமா? மேசையை யாரோ ஃப்ளின்ட்டுக்கு எடுத்துப்போனார்கள் என்று கேள்வி.

ரொட்டி வண்டிக்கு நேரமாகிறது. ரானுக்கு என் விசாரிப்பு.

தம்பி
எல்வின்


டுனெடின்
11 ஏப்ரல் 1978

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று அறிந்தேன். தைலம் இங்கே வேறு பெயரில் கிடைக்கிறது, ஷீலாவுக்கு நன்றி.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது நான்தான் கண்டுபிடித்தேன். பெட்டியில் நின்றுகொண்டு, "அக்கா, இதுல எது பிரவுன்? எல்லாம் சேறு மாதிரி இருக்கு" என்றாய். நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்துத் தலையில் குட்டினேன். பிறகுதான் புரிந்தது. பழுப்புப் பந்து அதன் இடத்தில் இருந்தால் உனக்குக் கவலை இல்லை. நகர்ந்துபோய்ச் சிவப்புகளோடு கலந்துவிட்டால் உனக்கு எல்லாமே ஒரே நிறம்.

நடுவரைக் கேட்டுவிடேன், விதியில் இடம் இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னேன்! "கேட்டேன்னா தெரிஞ்சுடும். அப்புறம் எவன் என்கூட ஆடினாலும் பிரவுனைக் கொண்டுபோய் சிவப்புக்குள்ளதான் தள்ளுவான்" என்பாய். அதனால் நீ ஆடிய ஊரெல்லாம் நான் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தேன். பழுப்பு இடது பக்கம் என்றால் இடது கை முழங்காலில், வலது பக்கம் என்றால் வலது கை. ரெக்ஸம், செஸ்டர், க்ரூ, பாங்கர். பேருந்து ஜன்னலில் தலை சாய்த்து நீ தூங்குவாய், கோப்பையை நான் மடியில் வைத்திருப்பேன். அந்த வருடங்களை நான் குறை சொல்லவில்லை. அவைபோல ஒன்று எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். கண் எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.

குளிரில் அலையாதே.

நெஸ்டா


(முகாமின் படம் போட்ட தபால் அட்டை)
10 மே 1978

அக்கா, இங்கே காற்று ஆளைத் தூக்குகிறது. மற்றபடி குறைவில்லை. ஆர்ச்சி பெல்லை ஜெயித்துவிட்டேன்! நடன மண்டபத்தின் நடுவில் மேசை போட்டு, சுற்றிலும் ஜனம். குழந்தைகள் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்தபடி பார்க்கின்றன. நான் கறுப்பைக் குறிபார்க்கும்போது ஒலிபெருக்கியில், "அழகான முழங்கால் போட்டிக்குப் பேர் கொடுத்தவங்க நீச்சல் குளத்துக்கு வாங்க" என்று அறிவித்தார்கள். ஆர்ச்சி, "நான் கிளம்புறேன்பா, எனக்கு அங்கதான் சான்ஸ் இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை ஹாலம். ஷீலா பிங்கோ விளையாட்டில் ஒரு டீ கெட்டிலைப் பரிசாக ஜெயித்தாள். மற்றவை பிறகு. எல்வின்.


டுனெடின்
29 மே 1978

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாகத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அட்டை வந்தது. ரானிடம் ஆர்ச்சி பெல் சொன்னதைப் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்ன ஆனது? இங்கே எந்தப் பேப்பரிலும் போடவில்லை. நூலகத்தில் போய் லண்டன் பேப்பர்கள் வந்திருக்கின்றனவா என்று கேட்டேன். கப்பலில் வரவேண்டும், ஆகஸ்ட் ஆகும் என்றார்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் எழுது.

நெஸ்டா


டுனெடின்
15 ஜூன் 1978

எல்வின்,

உடம்பு கிடம்பு சரியில்லையா? போன் பேசலாமென்றால் உங்கள் வீட்டில் போன் இல்லை. பேக்கரி எண் என்னிடம் இல்லை. நான் போன கடிதங்களில் கேட்டது உனக்குக் கோபமாகிவிட்டது என்றால் அதை விட்டுவிடு. மழையைப் பற்றி எழுது. ஷீலாவின் கெட்டிலைப் பற்றி எழுது.

அக்கா


ரெக்ஸம்
20 ஜூன் 1978

அன்புள்ள நெஸ்டா அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் உங்களுக்கு எழுதியதே இல்லை. உங்களைப் பார்த்ததும் இல்லை. உங்கள் ஏப்ரல் கடிதமும் அதற்குப் பிறகு வந்ததும் அலமாரி மேலே இருக்கின்றன. அவர் தினமும் எடுத்துப் பார்க்கிறார், பேனாவைத் திறக்கிறார், மூடிவிடுகிறார். ஆகவே நான் எழுதுகிறேன். எனக்கும் உங்களிடம் கேட்க இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நிற்கக்கூட இடம் இல்லை. ஹாலமும் இவரும் நான்குக்கு நான்கு. கடைசி ஆட்டம், ஜெயித்தவர் இறுதிப் போட்டிக்குப் போவார். இவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், அண்ணி. நான் தைத்த வெயிஸ்ட்கோட்டில் மேசையைச் சுற்றி நடந்தபோது எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. மேசையில் இன்னும் மூன்று சிவப்பு. அடுத்து இவர் சிவப்பைத்தான் அடிக்க வேண்டும். அடுத்தடுத்து பந்துகள் மோதியதில் பழுப்பு போய் அந்த மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

இவர் குனிந்தார். நிமிர்ந்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். சாக்கட்டியை எடுத்துக் கியூ கோலின் நுனியில் தேய்த்துக்கொண்டே நின்றார். எவனோ ஒருவன், "ரொட்டி தீயுது, சீக்கிரம் எடுய்யா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது இவர் நடுவர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஐயா, இதுல பிரவுன் எது?" என்றார்.

இன்னும் பெரிய சிரிப்பு. நகைச்சுவை செய்கிறார் என்று நினைத்தார்கள். "கண்ணாடி போட்டுக்க, தாத்தா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இவர் சிரிக்கவில்லை. "நெஜமாத்தான் கேக்குறேங்க. எனக்குச் சிவப்பும் பிரவுனும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேருந்து அப்படித்தான்."

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுவர் வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி, "அதுதான் பிரவுன், மிஸ்டர் ப்ராஸர். உங்களுக்கு வலது கைப் பக்கம்" என்றார். கடைக்காரர் விலை சொல்வதைப் போல, அவ்வளவு சாதாரணமாக.

இவர் சிவப்பைப் பாக்கெட்டில் போட்டார். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக்கொண்டு போனார். மஞ்சள், பச்சை, கடைசியில் அந்தப் பழுப்பும். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். நீலத்தைப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். பாக்கெட்டுக்கு நேராக இருந்தது, நானே போட்டிருப்பேன். விட்டுவிட்டார். ஹாலம் வந்து மிச்சத்தை முடித்துவிட்டான்.

கைகுலுக்கும்போது ஹாலம், "ஏன் தலைவரே, என்கிட்ட கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே" என்றான். நல்ல பையன். முடியைத்தான் வெட்டிக்கொள்ளலாம்.

நான் எதற்கும் காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருடம், அண்ணி! தோட்டத்தில் பழுத்த தக்காளியை என்னையே பறிக்கச் சொல்வார், சோம்பேறி என்று திட்டுவேன். காலுறையை நான்தான் ஜோடி சேர்த்து வைக்க வேண்டும், அதற்கும் திட்டுவேன். மண்டபத்தில் இருந்த இரண்டாயிரம் பேரோடு சேர்ந்து எனக்கும் அன்றுதான் தெரிய வேண்டுமா?

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். என் முடி சிவப்பு. இப்போது பாதி நரை, அப்போது நெருப்பு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பெயர் கேரட். நடனக்கூடத்தில் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் முதல் நாள் வந்து, "பிரவுன் முடிக்காரம்மா, ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்றார். கேலி செய்யாத ஒரே ஆண்பிள்ளை, என் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். சுவரில் உட்கார்ந்து அதை நினைத்து நினைத்து அழுதேன்.

இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப என் முடி?" என்றேன்.

"எல்லாரும் சிவப்புன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது பிரவுன்தான். உன்னை ஏமாத்தணும்னு சொல்லல, ஷீலா. கண்ணுல பட்டதைச் சொன்னேன்."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயும் முன்வரிசையில வந்து உக்காந்துடுவே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உங்களைப் பற்றிச் சொன்னார். ரான் அண்ணன் நான்கு வருடம் உங்களுக்காகக் காத்திருந்தாராமே. இதோ இந்தப் போட்டி முடியட்டும், அடுத்த போட்டி முடியட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டீர்களாம். "என் கண்ணுக்காக அவ வாழ்க்கையை நிறுத்தி வச்சிருந்தா, ஷீலா. லிவர்பூல்ல டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. துறைமுகத்துல உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து குணமாயிடுச்சுன்னு சொன்னேன். அவ அழுதுட்டா. அடுத்த மாசமே கல்யாணத்துக்குத் தேதி குறிச்சாங்க."

நீங்கள் போன பிறகு பழுப்பு எங்கே என்று இவர் ஊகித்துத்தான் ஆடியிருக்கிறார், இத்தனை வருடமும். பாதி தடவை சரியாக இருக்கும், பாதி தடவை ஞாபகமறதிக்காரர் என்று பேப்பரில் வரும். உங்கள் ஏப்ரல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அன்று ஆடினாராம். ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியை உங்களுக்கு எழுத முடியாமல் நடுவரிடம் சொல்லிவிட்டார்.

நீலத்தை எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். "அது நீலம்னு நல்லாத் தெரிஞ்சும்தான் விட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார், மனிதர்! தோற்றுவிட்டு இப்படிச் சந்தோஷமாக யாரையும் நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு வந்தும் பல நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறேன், திட்டுவதற்காகவாவது.

நான் கேட்க நினைத்தது இதுதான். நீங்கள் அதை நிஜமாகவே நம்பினீர்களா? டாக்டர் ஒரே நாளில் கண்ணைக் குணமாக்கினார் என்று? கூடப் பிறந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம்தான். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
ஷீலா


டுனெடின்
4 ஜூலை 1978

அன்புள்ள ஷீலாவுக்கு,

இந்தக் குளிர்காலத்தில் ரானும் நானும் அடுப்போரமே கதி என்று இருக்கிறோம், நோய்நொடி இல்லை. உன் கடிதம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. உன் கோபம் நியாயமானது. என்னைத் திட்டவும் உனக்கு உரிமை உண்டு.

நம்பினேன், ஷீலா. அவன் லிவர்பூலிலிருந்து வந்து சொன்ன அன்று முழுசாக நம்பினேன். நம்ப வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சவுத்தாம்ப்டனில் கப்பல் கிளம்பும் வரை அந்த நம்பிக்கை இருந்தது.

அம்மா, அப்பா, எல்வின் மூவரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். தூறல். ஏறுவதற்கு முன் எல்வினிடம், "மேல்தளத்துல நிப்பேன். இந்தச் சிவப்பு ஸ்கார்ஃபைத் தலையில கட்டிக்கிறேன். கூட்டத்துல அதைத் தேடு" என்றேன். கண்தான் சரியாகிவிட்டதே, இனி அவனிடம் நிறத்தைச் சொல்லலாமே என்று எனக்கு ஒரே பெருமை. "அது தெரியாமயா போகும்?" என்றான்.

மேலே போய் நின்றேன். கரையில் ஆயிரக்கணக்கானவர்கள். அப்பாவுடைய தொப்பியை வைத்து அவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். கையை ஆட்டினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். எல்வின் அண்ணாந்து தேடிக்கொண்டே இருந்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி வீசி வீசி ஆட்டினான். அம்மாவுக்கும் கையை நீட்டிக் காட்டினான். அவன் பார்த்தது என்னை அல்ல. எனக்கு வெகு தூரம் தள்ளி, கப்பலின் பின்பக்கத்தில், பழுப்பு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கப்பல் நகர்ந்து, அவர்கள் புள்ளியாகும் வரைக்கும் அவன் அவளுக்குத்தான் கையாட்டினான்.

ரான் எங்கள் அறையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை. எல்வினுக்கு எழுதவும் இல்லை. எழுதியிருந்தால் அடுத்த கப்பலில் நான் திரும்பியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதை அவனும் அறிவான். எனக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கட்டும் என்று அவன் கொடுத்த பொய் அது. அதைத் திருப்பிக் கொடுத்து அவனை அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்த வருடம் அந்தப் பேப்பர் துண்டைப் பார்த்த பிறகுதான், அவனாகச் சொல்லட்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.

இதை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். இனி அவன் பக்கத்தில் இருப்பவள் நீ.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் சின்ன வயதில் பார்க்கிற எல்லாவற்றையும் சேறு மாதிரி இருக்கிறது என்பான். உன்னைப் பார்த்தபோது அப்படிச் சொல்லவில்லை அல்லவா?

உன் புகைப்படம் ஒன்று அனுப்பு. கலர்ப் படமாக.

அன்புடன்
நெஸ்டா


ரெக்ஸம்
23 ஜூலை 1978

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அடுப்போரம் உட்கார்ந்தே இருக்காதே, முழங்கால் இறுகிவிடும் என்கிறாள் ஷீலா. ரான் குளிரில் வெளியே போகாமல் பார்த்துக்கொள். உன் கேள்விக்குப் பதில்: கண் அப்படியேதான் இருக்கிறது. எழுதிவிட்டேன். நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

போன சனிக்கிழமை க்ரூவில் ஒரு ஆட்டம். ஆரம்பிக்கும் முன்பே நடுவரிடம் சொல்லிவிட்டேன். நான் பயந்த மாதிரியே அந்த ஆள் பழுப்பைக் கொண்டுபோய்ச் சிவப்புக்குள் தள்ளினான். தள்ளிவிட்டு அவனே மாட்டிக்கொண்டான். ஷீலா வந்திருந்தாள். முன்வரிசையில் அல்ல, டீக்கடைக்குப் பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டே இருந்தாள். ஆட்டத்தைப் பார்த்தாளா என்பதே சந்தேகம். ஜெயித்தேன். அடுத்த வருடமும் முகாமுக்குக் கூப்பிடுவோம் என்கிறார்கள்.

உன் கடிதத்தை ஷீலா இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தாள். நேற்று தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். படிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

ஆக, அது நீ இல்லையா?

எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது, அக்கா. அம்மாவிடம், "அதோ பாரும்மா, நெஸ்டா!" என்று காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் தேடினாள். இருந்தாலும் அது நீதான் என்று முடிவு செய்துகொண்டேன். ஏனென்றால் நான் கையாட்டியதும் அவளும் கையாட்டினாள். முதலில் திரும்பி, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினாள். நான் தொப்பியை வீச வீச, அவளும் இரண்டு கையாலும் ஆட்டினாள், கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கப்பல் மறையும் வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவளை வழியனுப்ப யாரும் வரவில்லை போலிருக்கிறது.

உன்னைப் பார்க்காமல் விட்டதற்கு எனக்கு வருத்தம்தான். இன்று முழுக்க ரொட்டி வண்டி ஓட்டும்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உனக்கு ரான் இருந்தார். அந்தப் பெண் எந்த ஊரில் இறங்கினாளோ, நன்றாக இருக்க வேண்டும்.

கலர்ப் படம் இதனுடன் இருக்கிறது. ஷீலா கண்ணை மூடிவிட்டாள், வேறு நல்ல படம் இல்லை.

உன் தம்பி
எல்வின்